செத்தவர்கள் மீதா விசாரணை?

தோழரே!

செய்தித்தாள்களில் அடிக்கடி அச்சாகும் ஒரு வாசகத்தை நீங்கள் ஆயிரம் முறை படித்திருப்பீர்கள். ‘துப்பாக்கிச் சூடு நடந்தது; இத்தனை பேர் பலி.’ நடந்ததாம்! தேர்த்திருவிழா நடந்தது, திருமணம் நடந்தது, அதுபோலத் துப்பாக்கிச் சூடும் நடந்தது! மழை பெய்தது, மரம் சாய்ந்தது, மனிதன் செத்தான்! சுட்டவன் யார்? அவனுக்கு அந்த வாசகத்தில் இடமே இல்லை. தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் இலக்கணம் சொல்லித் தந்தார்கள். ஆளே இல்லாமல் துப்பாக்கி வெடிக்கும் என்பது எந்த இலக்கணம்? விரல் இல்லாமல் விசை அழுந்துமா? ஆணை இல்லாமல் விரல் அசையுமா?

இந்தக் கேள்வியை எழுப்பவிடாமல் செய்வதற்குத்தான், ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் நாட்டிலே ஒரு விவாதம் நடத்தப்படுகிறது. விவாதம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. குடியாட்சியின் உயிர்மூச்சே விவாதந்தான். ஆனால், எதைப் பற்றி விவாதம்? யாரைக் கூண்டிலே ஏற்றி விவாதம்? அதைத்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். தூத்துக்குடியை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். அந்த ஊர் நமக்குத் தெரிந்த ஊர். அந்தக் குருதி நம் கண்முன் சிந்திய குருதி.

2018ஆம் ஆண்டு, மே திங்கள் 22ஆம் நாள். ஸ்டெர்லைட் செம்பு உருக்காலையை விரிவாக்கக் கூடாது, இருக்கும் ஆலையையும் மூடவேண்டும் என்று குமரெட்டியாபுரத்து மக்கள் வேப்ப மரத்தடியிலே அமர்ந்து அன்றோடு நூறு நாள் நிறைந்தது. நூறு நாள், தோழரே! ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பை உருக்கிய ஆலை, அதை 8 லட்சமாகப் பெருக்கத் துடித்தது. 2013இல் நச்சுப்புகையால் ஊர் மூச்சுத் திணறியது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த ஆலைக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. இவ்வளவும் தெரிந்த மக்கள், பெருக்காதே என்று கேட்டனர். தொண்ணூற்றொன்பது நாள் அமர்ந்து கேட்டனர். நூறாம் நாள் நடந்து சென்று கேட்கப் புறப்பட்டனர். எங்கே? பகைவனின் கோட்டைக்கா? இல்லை. தங்கள் மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்துக்கு. மனு வாங்குவதற்கென்றே கட்டிய கட்டடத்துக்கு.

144 தடை உத்தரவு அங்கே காத்திருந்தது, துப்பாக்கியும் காத்திருந்தது. மாவட்ட ஆட்சியர் மட்டும் காத்திருக்கவில்லை. அவர் அன்று கோவில்பட்டியில் இருந்தார்! அன்றும் மறுநாளும் காவல்துறையின் கைவரிசைக்கு 13 உயிர்கள் பலியாயின. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த ஒரு பெண், கொடி பிடிக்க வந்தவள், குண்டு பட்டு வீழ்ந்தாள். ஆட்சியர் அலுவலகத்துக்குப் பல கல் தொலைவில் உள்ள திரேஸ்புரத்திலே, மீனவக் குடும்பத்து அம்மையார் ஒருவர் தம் தெருவிலேயே வீழ்ந்தார்.

ஊர் என்ன செய்தது? மருத்துவமனை வாயிலில் அழுதது. பிணத்தை வாங்க மறுத்தது. நீதி கிடைக்கும் வரை உடலை எடுக்கமாட்டோம் என்று பெற்றோரும் உற்றாரும் உறுதியாக நின்றார்கள். உடல்களைப் பாதுகாத்து வையுங்கள் என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாக ஒரு முறை பார்த்து மண்ணுக்கு அனுப்பும் உரிமையைக்கூட அந்தத் தாய்மார்கள் ஒரு போராட்டக் கருவியாக ஆக்கிக்கொண்டனர் என்றால், அவர்களிடம் வேறு கருவி எதுவும் மிச்சமில்லை என்றுதானே பொருள்?

அரசு என்ன செய்தது? தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத் தொடர்பை அறுத்தது. சாவு வீட்டின் வாயைக் கட்டியது. வாயைக் கட்டிவிட்டு, விவாதத்தைத் தொடங்கி வைத்தது!

விவாதத்தில் பிறந்த முதல் சொல் எது தெரியுமா? ‘சமூக விரோதிகள்.’ போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றது ஆட்சி. மே 30ஆம் நாள் மருத்துவமனைக்குச் சென்று காயம்பட்டவர்களைக் கண்டுவந்த நடிகர் ரஜினிகாந்தும் அதையே சொன்னார்; எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் எச்சரித்தார். சுடுகாட்டுக்குப் போகவேண்டிய உடல்கள் பிணவறையில் கிடந்த நேரம் அது! புகுந்தவர்கள் யார், எத்தனை பேர், எந்த வழியாகப் புகுந்தனர் என்று எவரும் காட்டவில்லை. காட்டத் தேவையும் இல்லை. அந்தச் சொல் செய்யவேண்டிய வேலையைச் செய்துவிட்டது. சுட்டவர் யார் என்று நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். செத்தவர் யார் என்று நாடு கேட்கத் தொடங்கிவிட்டது.

நான் நாடகம் எழுதுகிறவன். இதை ஒரு காட்சியாக எழுதினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். நீதிமன்றம். கூண்டிலே ஒரு பிணம். எதிரே மிடுக்கான வழக்கறிஞர்.

‘அன்று அந்த இடத்துக்கு ஏன் போனாய்?’

பிணம் பேசவில்லை.

‘உனக்குப் பின்னால் இருந்து தூண்டியவர் யார்?’

பிணம் பேசவில்லை.

‘கனம் நீதிபதி அவர்களே! பதில் சொல்ல மறுக்கிறான். குற்றம் இதிலிருந்தே விளங்கவில்லையா?’

நகைக்கிறீர்களா, தோழரே? அந்த ஆண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒவ்வோர் இரவும் இந்த நாடகந்தான் நடந்தது. துப்பாக்கிக்குச் சாட்சிக் கூண்டு கிடையாது. பிணத்துக்கு மட்டும் குறுக்கு விசாரணை!

சரி, அவர்கள் எழுப்பும் வாதங்களை ஒதுக்கித் தள்ளாமல், ஒன்றொன்றாக எடுத்துப் பார்ப்போம். நம் தோழர்கள் தேநீர்க் கடையிலும் திண்ணையிலும் இவற்றைச் சந்தித்தாக வேண்டும். முழக்கத்தால் அல்ல, விளக்கத்தால் சந்திக்க வேண்டும்.

முதல் வாதம்: ‘கல் எறிந்தார்களே, வண்டிகளைக் கொளுத்தினார்களே!’ ஆம், வண்டிகள் எரிந்தன; கல்லும் பறந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. கொளுத்தியவன் எவனோ அவனைப் பிடி, வழக்குப் போடு, நீதிமன்றத்தில் நிறுத்து, குற்றம் மெய்ப்பட்டால் சிறையில் அடை. வண்டியைக் கொளுத்திய குற்றத்துக்கு இந்த நாட்டின் எந்தச் சட்டப் புத்தகத்திலும் தூக்குத் தண்டனை இல்லை. நீதிபதி தூக்கிலிட முடியாத குற்றத்துக்குக் காவலன் தெருவிலே உயிரைப் பறிக்கலாமா? அதிலும் கொளுத்தியவன் ஒருவன், குண்டு பட்டவன் வேறொருவன் என்றால்?

கூட்டத்தைக் கலைக்கச் சட்டத்திலே வழி இருக்கிறது. முதலில் கலைந்துபோகச் சொல்லி ஆணையிட வேண்டும். எச்சரிக்கை, தண்ணீர் பீய்ச்சுதல், கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாக ஏறவேண்டும். சுட்டே தீரவேண்டும் என்றாலும் தாழ்வாகக் குறி வைக்கவேண்டும். இராணுவத்தையே அழைத்தாலும்கூட, இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும், இயன்ற அளவு குறைந்த காயத்தையே விளைவிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆவது பிரிவு கட்டளையிட்டிருந்தது. இராணுவத்துக்கே அந்த வேலி என்றால், காவல்துறைக்கு வேலி கிடையாதா?

அன்று தூத்துக்குடியில் அந்த வேலி என்னவாயிற்று? நான் சொன்னால் கட்சிக்காரன் பேச்சு என்பார்கள். ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி அருணா ஜெகதீசன் அம்மையார் சொல்லட்டும். அவரை ஆணையமாக அமர்த்தியது, எந்த ஆட்சியில் சுட்டார்களோ அதே ஆட்சி! ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 2022 மே திங்களில் அவர் இறுதி அறிக்கை தந்தார். சுடுவதற்கான நெருக்கடி அன்று எழவில்லை என்றார். ஆட்சியர் அலுவலகப் பூங்காவிலே மறைந்து நின்றுகொண்டு, தொலைவில் ஓடிக்கொண்டிருந்த மக்களைச் சுட்டார்கள் என்றார். குண்டுகள் பின்புறமாகப் பாய்ந்திருப்பதை மருத்துவச் சான்றுகள் காட்டின என்றார்.

பின்புறமாக! புறமுதுகிட்டு ஓடுபவன் மீது வேல் எறிவது வீரம் ஆகாது என்று பாடிய இனம் இது. தாக்க வந்தவனுக்கு மார்பிலல்லவா குண்டு பாயும்? பின்மண்டையில் குண்டு வாங்கியவன் யாரைத் தாக்கிக்கொண்டிருந்தான்? ‘சமூக விரோதி’ என்று நாக்கு சொன்னது. ‘ஓடியவன்’ என்று காயம் சொல்கிறது. நாக்கு பொய் பேசும், தோழரே, காயம் பேசாது.

இரண்டாம் வாதம்: ‘ஆலை மூடிவிட்டால் செம்புக்கு எங்கே போவது? தொழில் எப்படி வளரும்? வேலைவாய்ப்பு என்னாவது?’ நியாயமான கேள்விதான். ஆலையை நம்பியிருந்த குடும்பங்களும் தூத்துக்குடியில் இருந்தன, அவர்களும் நம்மவர்களே. ஆனால் இரண்டு கேள்விகளை ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். ஆலை இருக்கலாமா கூடாதா என்பது ஒரு கேள்வி. ஆலை கூடாது என்றவனைச் சுடலாமா என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. ஆலை வேண்டும் என்று கூறுபவரும் இரண்டாவது கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையும் பாருங்கள். துப்பாக்கி வெடித்த ஆறாம் நாள், மே 28 அன்று, ஆலையை நிரந்தரமாக மூட அரசே ஆணையிட்டது. தொண்ணூற்றொன்பது நாள் கேட்டபோது போட முடியாத பூட்டு, பதின்மூன்று உயிர் போனபிறகு ஆறே நாளில் கிடைத்துவிட்டது! பூட்டு முன்பே அரசின் கையில்தான் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறக்கச் சொன்னது. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. 2020 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம், மூடியது சரியே என்றது. 2024 பிப்ரவரி 29ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூடவேண்டும் என்று மரத்தடியில் அமர்ந்து சொன்னவன் சமூக விரோதி என்றால், மூடியது சரி என்று மன்றத்தில் அமர்ந்து தீர்ப்பளித்தவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது?

மூன்றாம் வாதம் நெஞ்சைத் தொடும் வாதம்: ‘காவலரும் ஏழை வீட்டுப் பிள்ளைதானே?’ ஆம், ஏழை வீட்டுப் பிள்ளைதான். வெயிலில் நிற்கிறவர், விடுப்புக்கு ஏங்குகிறவர், மேலதிகாரியின் ஏச்சை விழுங்குகிறவர். அதனால்தான் நான் கேட்கிறேன்: அந்த ஏழையின் கையில் துப்பாக்கியைத் தந்து, இன்னோர் ஏழையைச் சுடு என்று ஏவியவர் யார்? கடைசியில் காவலர் ஒருவரைப் பலிகொடுத்துவிட்டு, மேலே இருப்பவர்கள் கைகழுவிக்கொள்வார்களே, அதை நாம் ஒப்பவேண்டுமா? ஆணையம் ஒப்பவில்லை. காவல்துறைத் தலைவர் பொறுப்பில் இருந்தவர் தொடங்கிக் காவலர் வரை 17 பேர் மீது நடவடிக்கை வேண்டும் என்றது. மாவட்ட ஆட்சியர் மீதும் வருவாய்த்துறையினர் மூவர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றது. பெருங்கூட்டம் வரும் என்று உளவுத்துறை முன்கூட்டியே எச்சரித்தும் பொருட்படுத்தவில்லை என்று சாடியது. நானும் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்ற பொருள்பட அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கூறினாரே, அது உண்மையன்று, நடந்தவை அவருக்கு உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டன என்றும் எழுதிவைத்தது. மன்னனுக்கு மாடத்தில் மணி கட்டிய நாடு, தோழரே! மணியோசை கேட்கவில்லை என்று சொல்வதற்குத் தொலைக்காட்சி ஒரு சாக்கு!

இந்தச் சூழ்ச்சி தூத்துக்குடியில் பிறந்ததன்று. உலகெங்கும் துப்பாக்கி ஏந்திய அதிகாரம் செய்துவரும் பழைய வித்தை. முதலில் செத்தவனைப் பழி. பிறகு சுட்டவனைக் காப்பாற்று. பிறகு காலத்தைக் கடத்து.

1919 ஏப்ரல் 13, அமிர்தசரசு ஜாலியன்வாலாபாக். ஆங்கில அரசே ஒப்புக்கொண்ட கணக்கில் 379 பேர் மாண்டனர். விசாரணைக் குழு அமைவதற்கு முன்பே, செப்டம்பரில், அதிகாரிகளைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டனர். கவசம் முதலில், விசாரணை பிறகு! சுடச் சொன்ன டயருக்காக ஒரு லண்டன் நாளேடு உண்டியல் ஏந்தியது. 26,000 பவுனுக்கு மேல் சேர்ந்தது. பிணத்தின் மீது விவாதம் நடத்தியவர்கள் கொலைகாரனுக்குப் பணமுடிப்பு தந்தார்கள்.

1960 மார்ச் 21, தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில். கறுப்பின மக்கள் தம் சொந்த மண்ணில் நடமாட அனுமதிச் சீட்டு ஏந்தவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் கூடினர். காவலர் சுட்டனர், அரசுக் கணக்கில் 69 பேர் வீழ்ந்தனர். அங்கும் பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகில்தான்! மறு ஆண்டே அங்கும் வந்தது ஒரு பாதுகாப்புச் சட்டம்.

1972 சனவரி 30, வட அயர்லாந்தின் டெரி நகரம். ஊர்வலம் சென்றவர்களை இராணுவம் சுட்டது. அன்று மாண்டவர் அங்கும் 13 பேர்! சில திங்களில் அறிக்கை தந்த தலைமை நீதிபதி, பழியைப் பெரும்பாலும் ஊர்வலத்தார் தலையிலேயே போட்டார். அந்த மக்கள் ஓயவில்லை. மறு விசாரணை கேட்டுக்கொண்டே இருந்தனர். 2010இல், 38 ஆண்டுகளுக்குப் பிறகு, செத்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று புதிய அறிக்கை கூறியது. பிரிட்டிஷ் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். முப்பத்தெட்டு ஆண்டு! தாயார் பலர் அதற்குள் கண்மூடிவிட்டனர்.

அவற்றில் முதல் இரண்டு இடங்களில் தனிச் சட்டம் போட்டுத்தான் சுட்டவனைக் காத்தார்கள். நமக்கு அந்தச் சிரமமும் இல்லை! வெள்ளையன் 1898இல் எழுதிய நடைமுறைச் சட்டத்தின் 132ஆவது பிரிவு, கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயலுக்காக அதிகாரி மீது வழக்குத் தொடர அரசின் அனுமதி வேண்டும் என்றது. வெள்ளையன் போனான், 1973இல் புதுச் சட்டம் எழுதினோம், அதே பிரிவு, அதே 132! 2024 சூலையில், அடிமைச் சின்னங்களை அகற்றுகிறோம் என்று முழங்கி, நம் வாயில் நுழையாத வடமொழிப் பெயரிட்டுப் புதுச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரிவு ஒழிந்ததா? 151 என்று எண் மாறி, ஒய்யாரமாக உட்கார்ந்திருக்கிறது. எந்த அரசின் காவலர் சுட்டாரோ, அந்த அரசே வழக்குத் தொடர அனுமதி தரவேண்டும்! ஓநாயிடம் ஒப்புதல் வாங்கி வந்தால்தான் ஆட்டின் வழக்கு எடுபடும்!

ஆகவே தோழரே, நமக்கென்று ஒரு கடமை இருக்கிறது. அதைச் சொல்லும்போது சிலருக்குக் கசக்கலாம், கசந்தாலும் சொல்கிறேன். 1999 சூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் வந்தவர்கள் தடியடிக்கு அஞ்சித் தாமிரபரணியில் இறங்கி, 17 பேர் பிணமாயினர். கைக்குழந்தையும் அதில் ஒன்று. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் 6 பேரைச் சுட்டு வீழ்த்தினர். இரண்டுக்கும் ஆணையம் அமைந்தது; சுட்டதில் தவறில்லை என்று பரமக்குடி ஆணையம் முடித்தது. இவை இரண்டும் ஒரே கட்சியின் ஆட்சியில் நடந்தவை அல்ல. கோட்டையில் கொடி மாறுகிறது, லத்தி மாறவில்லை. எதிரி ஆளும்போது சுட்டால் படுகொலை, வேண்டியவர் ஆளும்போது சுட்டால் சட்டம் ஒழுங்கு என்று பேசும் நாக்கு, செத்தவனுக்காகப் பேசும் நாக்கு ஆகாது. அது வாக்குக்காகப் பேசும் நாக்கு.

ஆணைய அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டப் பேரவையில் வைக்கப்பட்டது. ஆலை வழக்கு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஆலைக்குத் தீர்ப்பு வந்த அந்த நாள் வரையிலும், சுட்டவர்களில் ஒருவரும், சுடச் சொன்னவர்களில் ஒருவரும் எந்த நீதிமன்றத்திலும் தண்டனை பெறவில்லை. செம்புக்குக் கிடைத்த தீர்ப்பு குருதிக்குக் கிடைக்கவில்லை. இழப்பீட்டுத் தொகை தந்தார்கள், வேலை தந்தார்கள். நன்று. ஆனால் பணம் என்பது இழந்தவர் கண்ணீருக்கு மருந்து. இழைத்தவர் குற்றத்துக்கு விடை ஆகாது.

நாளை எங்கேனும் மீண்டும் ஒரு துப்பாக்கி வெடித்தால், மாலையே விவாதம் தொடங்கிவிடும். செத்தவனின் சாதி என்ன, கட்சி என்ன, பழைய வழக்கு உண்டா என்று தோண்டுவார்கள். அந்தப் பள்ளத்தில் இறங்காதீர்கள். நான்கே கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆணையிட்டவர் யார்? எச்சரித்தது எப்போது? குண்டு உடலின் எந்தப் பக்கம் பாய்ந்தது? வழக்குத் தொடர அனுமதி தர மறுப்பவர் யார்? தேநீர்க் கடையில் இதைக் கேளுங்கள். மாவட்ட மாநாட்டில் கேளுங்கள். நம்மவர் அமைச்சராக இருந்தால் அவர் வீட்டு வாயிலில் நின்று, இன்னும் உரக்கக் கேளுங்கள்.

மனு கொடுக்கப் போன மக்களுக்குப் பதின்மூன்று பிணங்கள் கிடைத்தன. அவர்கள் கொண்டுபோன மனுவை யாரும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. அது இப்போது நம் கையில் இருக்கிறது, தோழரே!